ஊர்க்காவலனின் வலது கை

சாத்தூரில் பேருந்து மாறி ஏறிய பிறகுதான் வேலுத்தாய்க்கும் அவள் புருஷன் ஊர்க்காவலனுக்கும் உட்கார இடம் கிடைத்தது. அவர் ஜன்னலோரம், அவள் நடுவில். வெள்ளரிக்காய்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததிலிருந்து அவள் கண் ஊர்க்காவலனின் வலது கையிலேயே இருந்தது. முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி, ஓரிடம் வெளுத்தும் ஓரிடம் கறுத்தும், மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போன கை.

“எந்தப் பட்டாசுக் கம்பெனிண்ணே?” என்று கேட்டேவிட்டாள்.

வேலுத்தாய் வாயைத் திறப்பதற்குள் ஊர்க்காவலன் பதில் சொன்னார். “அச்சங்குளம் பக்கந்தாம்மா. பழைய கதை.”

“மருந்து ரூமா?”

“ஆமா.”

அந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். தன் நாத்தனார் மகனுக்கும் இப்படித்தான், முகமெல்லாம் போயிற்று என்றாள். இறங்கும்போது இரண்டு பிஞ்சு வெள்ளரிக்காயை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வேலுத்தாய் அந்த வெள்ளரிக்காயைத் தொடவில்லை. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள் அவள்தான். சரவெடி பின்னுகிற வேலை, கல்யாணத்துக்கு முன்பிருந்தே. ஊர்க்காவலன் ஒரு நாள்கூடக் கம்பெனி வாசலை மிதித்தவர் இல்லை. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வந்தவர். கார்கில் சண்டையில் வெந்த கை அது. அன்று காலையில் அவர்கள் விருதுநகருக்குப் போனதே கார்கில் வெற்றியின் வெள்ளி விழாவுக்குத்தான். முன்னாள் படைவீரர் சங்கம் ஒரு மண்டபத்தில் நடத்தியது. அங்கேயும் அவளுக்கு மனசு சரியாக இல்லை. சண்டைக்குப் போனவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் பதக்கங்கள் வரிசையாகத் தொங்கின. ஊர்க்காவலன் பெயரைக் கடைசி வரை வாசிக்கவில்லை. அவர் சட்டையில் இரண்டே பதக்கம். சுதந்திரப் பொன்விழாவுக்குக் கொடுத்தது ஒன்று, ஒன்பது வருஷச் சேவைக்குக் கொடுத்தது ஒன்று. எல்லாருக்கும் கை தட்டிவிட்டு, சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல், “வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு அவள் கேட்டாள். “ஏங்க, அந்தம்மாகிட்ட ஏன் பொய் சொன்னீக?”

“கேக்கறவுக எல்லார்கிட்டயும் கார்கில் கதையை எடுத்து விடவா முடியும்? நம்ம பக்கம் ஒருத்தன் கை வெந்திருந்தா வெடின்னுதான் நினைப்பாக. நினைச்சுட்டுப் போகட்டும்.”

“மேடையிலே ஏன் கூப்பிடலே?”

அவர் செம்பைக் கீழே வைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவள் அடுப்படிக்குத் திரும்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“சண்டைக்குப் போனவுகளுக்கு ஸ்டார்னு ஒரு மெடல் உண்டு. எனக்குக் கிடையாது. எதிரியாலே காயம் பட்டவுகளுக்கு ஒரு மெடல் உண்டு. அதுவும் கிடையாது. என் பேப்பர்லே வேற மாதிரி எழுதியிருக்கு வேலு. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பத்த வைக்கையிலே கவனக்குறைவாலே தீப்பிடிச்சுக் கை வெந்துச்சுன்னு.”

“கவனக்குறைவா?”

“அப்படித்தான் எழுதியிருக்கு.”

வேலுத்தாய் திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. பட்டாளத்து ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்து இறங்கிய நாளில் “குண்டு விழுந்துச்சு” என்றார். அவளும் அதற்கு மேல் தோண்டவில்லை.

ஆனால் கவனக்குறைவு என்ற அந்தச் சொல் அவளுக்குப் பழக்கமானது. அவள் தங்கை சுப்புத்தாய் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். ஒரு சித்திரை மாதத்தில் அந்த அறை வெடித்து அதோடு போய்விட்டாள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அன்றைக்கு எத்தனை பேரை உட்கார வைத்திருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். கடைசியில் காகிதத்தில் வந்ததோ, தொழிலாளரின் கவனக்குறைவு. பாயைக்கூட இழுத்துப் போடாமல் தூக்கிப் போடுகிறவள் சுப்புத்தாய். உரசினால் தீ வரும் என்று வீட்டில்கூட அப்படித்தான். அவளுக்குப் போய்க் கவனக்குறைவு.

“நீங்க ஏன் சும்மா விட்டீக?”

“என்ன செய்யச் சொல்றே? பக்கத்துலே இருந்தவனே சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கான். அய்யாதுரைன்னு ஒருத்தன். நம்ம காரியாபட்டிக்காரன். இன்னைக்குக்கூட மண்டபத்துலே சொன்னாங்க, பேங்க்லே வாட்ச்மேனா இருக்கானாம்.”

“காரியாபட்டி என்ன காஷ்மீர்லயா இருக்கு? போய் ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?”

“அவன் முகத்துலே முழிக்க எனக்கு இஷ்டமில்லே.”

அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டு ஆட்டுக்குட்டிகளை அவிழ்க்கப் போய்விட்டார். ஆனால் வேலுத்தாய் முடிக்கவில்லை.

அடுத்த வாரம் அவரை வம்படியாகக் கூட்டிக்கொண்டு விருதுநகரில் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனாள். அங்கே செழியன் என்ற எழுத்தர் இருந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்தான். ஊர்க்காவலனின் பணிப் பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

“ஹவில்தார் சார், நாம இங்கிருந்து மனுவை அனுப்பலாம். திருத்த வேண்டியது ரெஜிமெண்ட் ஆவண அலுவலகம். சும்மா ‘எனக்கு மெடல் விட்டுப்போச்சு’ன்னு எழுதினா நிக்காது. விபத்துன்னு போட்டிருக்கிறதாலே காய மெடல் போச்சு. அடுத்த நாளே உங்களை ஆஸ்பத்திரிக் கணக்குலே சேர்த்துட்டாங்க, ஸ்டாருக்குப் பேர் எடுக்கையிலே நீங்க யூனிட்லே இல்லே. அதாலே அதுவும் போச்சு. முதல்லே அந்த விபத்துங்கிறது மாறணும். கூட இருந்தவங்க யாராவது உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தா நல்லது.”

“கூட இருந்தவன்தான் மாத்திச் சொன்னவன்” என்றார் ஊர்க்காவலன்.

செழியன் பேனாவை மூடினார். “அப்ப அவர்கிட்டயே போங்க. அவர் திருத்திச் சொன்னாத்தான் இன்னும் பலம்.”

“அது மட்டும் நடக்காது” என்று ஊர்க்காவலன் எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டு கம்பெனிக்கு லீவு விட்டார்கள். மதுரையில் தெரிந்தவர் வீட்டு விசேஷம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வேலுத்தாய் காரியாபட்டிக்குப் பேருந்து ஏறினாள்.

வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒருவன் நின்றிருந்தான். நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும், காது ஓரம் நரைத்திருந்தது. பாஸ்புக் பதிய வந்தவள் என்று நினைத்து, “உள்ளே மூணாவது கவுண்டரும்மா” என்றான்.

“நான் அய்யாதுரையைப் பாக்க வந்தேன் தம்பி. அச்சங்குளம் ஊர்க்காவலன் வீட்டுக்காரி.”

அவன் முகம் மாறிவிட்டது. உள்ளே பார்த்து யாரையோ நிற்கச் சொல்லிவிட்டு, அவளைப் பக்கத்திலிருந்த வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனான். “அண்ணனுக்கு ஒண்ணும் இல்லையே மதினி?” என்றான் முதலில்.

“நல்லா இருக்காக. உங்க மேலே கோவமா இருக்காக.”

“என் மேலேயா? எதுக்கு?”

வேலுத்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டவ், கவனக்குறைவு, கையெழுத்து, மேடையில் வாசிக்காத பெயர். கேட்கக் கேட்க அய்யாதுரையின் வாய் திறந்தபடியே நின்றது.

“அண்ணனுக்கு ரெண்டு மெடலும் அப்பவே வந்திருக்கும்னுல்ல நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்” என்றான். “மதினி, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அண்ணன் உங்ககிட்ட சொன்னாகளா?”

“குண்டு விழுந்துச்சுன்னாக.”

“அம்புட்டுதானா?”

அவன் துப்பாக்கியை மரத்தில் சாய்த்து வைத்தான். அவன் பட்டாளத்தில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம் அது. மலை மேலே ஒரு பங்கரில், பதுங்குகுழிக்குள், அவனும் ஊர்க்காவலனும் மட்டும் இருந்தார்கள். விடிந்ததிலிருந்து அந்தப் பக்கத்திலிருந்து பீரங்கி ஷெல் வந்துகொண்டே இருந்தது. சாப்பிட்டு ஒரு நாள் ஆகியிருந்தது என்று ஊர்க்காவலன் ஸ்டவ்வில் எதையோ கொதிக்க வைத்தார். அப்போது ஒரு ஷெல் பங்கரின் பின்சுவரை ஒட்டி விழுந்தது. அந்த அதிர்ச்சியில் ஸ்டவ் கவிழ்ந்து வெடித்து, பக்கத்திலிருந்த மண்ணெண்ணெய்க் கேன் பற்றிக்கொண்டது.

“கேனுக்கு இந்தப் பக்கம் தோட்டாப் பெட்டி, கிரனேடுப் பெட்டி மதினி. எனக்குக் காதுலே ரத்தம், எந்திரிக்க முடியலே, மண்ணு பாதி உடம்பை மூடிருச்சு. அண்ணன் வாசப் பக்கம் இருந்தாக. ஒரு எட்டு வச்சா வெளியே போயிரலாம். போகலே. எரியிற கேனை இந்தக் கையாலே புடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போயி வெளியே பள்ளத்துலே எறிஞ்சாக. அப்புறம் வந்து அதே கையாலே என்னை மண்ணுலேருந்து இழுத்தாக.”

முப்பது வருஷத்துக்கு மேலாக வெடிமருந்தோடு கிடக்கிறவள் வேலுத்தாய். வேலைக்குச் சேர்ந்த அன்றே போர்மேன் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். தீயைப் பார்த்தால் எதையும் எடுக்காதே, யாரையும் கூப்பிடாதே, ஓடு. அவளே இரண்டு தடவை அப்படி ஓடியிருக்கிறாள். தீயைக் கையில் எடுத்துக்கொண்டு மருந்துப் பக்கத்திலிருந்து ஒருவர் நடப்பது எப்படியிருக்கும் என்று அய்யாதுரையைவிடவும் அவளுக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பிறகு ஏன் தம்பி அப்படிச் சொன்னீக?”

“ஆஸ்பத்திரியிலே ஒரு ஆபீசர் வந்து இந்தியிலே கேட்டாரு. ஸ்டவ் வெடிச்சதா? ஆமா சாப். மண்ணெண்ணெய் இருந்ததா? ஆமா சாப். ஸ்டவ்வைப் பத்த வச்சது யாரு? ஊர்க்காவலன் சாப். அம்புட்டுதான் மதினி. ஷெல் விழுந்துச்சான்னு அவரு கேக்கவே இல்லே. அங்கன அது மழை மாதிரி விழுந்துக்கிட்டு இருக்கு. அதைப் போயித் தனியாச் சொல்லணும்னு எனக்குத் தோணவும் இல்லே.”

“இம்புட்டு வருசத்துலே ஒரு தடவை வந்து பாத்திருக்கலாம்ல?”

அய்யாதுரை தரையைப் பார்த்தான். “வரணும் வரணும்னுதான். உசுரைக் கொடுத்த மனுசன் முன்னாலே போயி என்னத்தைச் சொல்றதுன்னு நினைச்சு நினைச்சே தள்ளிப் போட்டுட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை வாங்க” என்றாள் வேலுத்தாய். “ஒண்ணும் சொல்ல வேண்டாம். வந்து நில்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது ஊர்க்காவலன் ஆட்டுக் கொட்டிலுக்குக் கருவேல முள்ளை வெட்டி வேலி அடைத்துக்கொண்டிருந்தார். பைக் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததும் மறுபடி குனிந்து முள்ளை இழுத்தார். வேலுத்தாய் வாசலில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே” என்றான் அய்யாதுரை.

முள் ஒவ்வொன்றாக வேலியில் ஏறியது. கடைசியில் தலையைத் தூக்காமலே கேட்டார். “என்னலே சொன்னே நீ அந்த ஆபீசர்கிட்ட?”

உரிமையோடு வந்த அந்த ‘லே’யைக் கேட்டதும் வேலுத்தாய்க்கு மூச்சு வந்தது. அய்யாதுரை அவளிடம் சொன்னதை அப்படியே சொன்னான்.

“கையெழுத்துப் போட்டியேலே.”

“இங்கிலீஷ்லே எழுதியிருந்துச்சு. படிச்சுப் பாத்தா போட்டேன்? உங்க டிஸ்சார்ஜ் பேப்பர்லே கவனக்குறைவுன்னு இருந்துச்சே, அதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டது யாரு? நீங்கதானே? நீங்க படிச்சுப் பாத்தா போட்டீக?”

ஊர்க்காவலன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். முகத்தை இறுக்கித்தான் வைத்திருந்தார், ஆனால் உதட்டோரம் அடங்கவில்லை. “ஊருக்குப் போற அவசரத்துலே போட்டேன்லே” என்றார். பிறகு அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, “முள்ளு, பாத்து வா” என்று இடதுகையை நீட்டினார். அய்யாதுரை இடதுகையை விட்டுவிட்டு வலதுகையைப் பிடித்துக்கொண்டான். வேலுத்தாய் உள்ளே போய் அரிசியைக் கூடுதலாகக் களைந்து போட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டென்று நடந்துவிடவில்லை. சாத்தூரில் ஒரு வக்கீலிடம் அய்யாதுரை உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். இந்தத் தடவை அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டான். செழியன் மனுவை அனுப்பினார். நாலைந்து மாதம் கழித்து, காலம் கடந்துவிட்டதால் பரிசீலிக்க இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

“விடு வேலு. அவன் வந்தான், அது போதும் எனக்கு” என்றார் ஊர்க்காவலன்.

“உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது.”

சண்டை நடந்தபோது அவர்கள் படைப்பிரிவுக்கு மேஜராக இருந்தவர் கோயம்புத்தூரில் ஓய்வாக இருக்கிறார் என்று செழியன் விசாரித்துக் கண்டுபிடித்தார். அய்யாதுரைதான் போன் போட்டான். மேஜருக்கு எழுபது நெருங்கிவிட்டது. தான் அன்றைக்கு மேலே இல்லை, கீழே இருந்ததாகச் சொன்னார். ஆனால் அந்த நிலையின் மேல் ஷெல் விழுந்ததாக வயர்லெஸ்ஸில் செய்தி வந்ததும், கை வெந்து ஸ்ட்ரெச்சரில் இறங்கிய ஜவானுக்குத் தானே தண்ணீர் கொடுத்ததும் நினைவிருக்கிறது என்று கைப்பட எழுதி அனுப்பினார். அதை வைத்து இரண்டாவது மனு போனது.

வெள்ளி விழா முடிந்த இரண்டாவது தீபாவளிக்குப் பிறகு, சீசன் முடிந்து கம்பெனிகள் அடைத்திருந்த நேரத்தில், செழியன் போனில் கூப்பிட்டார். வேலுத்தாயும் கூடவே போனாள்.

“திருத்திட்டாங்க சார்” என்றார் செழியன். “ஸ்டாருக்கு ஆர்டர் ஆயிருச்சு, தபால்லே வந்துரும். காய மெடலும் ஒத்துக்கிட்டாங்க. கையிருப்பு இல்லையாம், வந்ததும் அனுப்புறோம்னு போட்டிருக்காங்க. அது எப்ப வரும்னு என்னாலே சொல்ல முடியாது.”

“மெடல் இருக்கட்டும் தம்பி” என்றாள் வேலுத்தாய். “அந்த வரியை மட்டும் தமிழ்லே வாசிங்க.”

செழியன் விரலை வைத்து மெதுவாகச் சொன்னார். “எதிரியின் குண்டுவீச்சால் ஏற்பட்ட தீயில், தோட்டாக் கிடங்கையும் சக வீரரையும் காப்பாற்றும்போது, வலது கையில் ஏற்பட்ட தீக்காயம்.”

“கவனக்குறைவுன்னு எங்கயும் இல்லையே?”

“இல்லேம்மா. அதை அடிச்சு நீக்கிட்டாங்க.”

ஊர்க்காவலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலுத்தாய் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“தம்பி, என் தங்கச்சி ஒருத்தி மருந்து ரூம்லே செத்தா. அவ பேப்பர்லயும் இதே சொல்லுதான் இருக்கு. அதைத் திருத்த எந்த ஆபீசுக்கு மனு போடணும்?”

செழியன் இடவலமாகத் தலையை ஆட்டினார். “எனக்குத் தெரியலேம்மா. அப்படி ஒரு ஆபீஸ் இருக்கிறதா நான் கேள்விப்பட்டதில்லே.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “விசாரிச்சுப் பாக்கிறேன்” என்றார். அவர் சும்மா சொல்லவில்லை என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அதில் நம்பிக்கை வைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. அவரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

ஸ்டார் மார்கழியில் பார்சலில் வந்தது. உள்ளே ஒரு சின்ன அட்டைப்பெட்டி, நாடா தனியாக மடித்து வைத்திருந்தது. அய்யாதுரை தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தான். ஊர்க்காவலனின் விரல்களுக்கு அந்த ஊக்கு வசப்படவில்லை. அவன்தான் நாடாவைக் கோத்துச் சட்டையில் குத்திவிட்டான். பிள்ளைகள் கையைத் தொட்டுப் பார்த்து, எப்படிப் பெரியப்பா என்று கேட்டார்கள். ஊர்க்காவலன் முதல் தடவையாகத் தன் வாயாலேயே சொல்ல ஆரம்பித்தார்.

“காலையிலேருந்து ஷெல் வந்துக்கிட்டு இருக்கு. சரி, வயித்துக்கு ஏதாச்சும் போடுவோம்னு ஸ்டவ்வைப் பத்த வச்சுக் கஞ்சி போட்டேன்.”

“கஞ்சியா? பருப்புண்ணே அது” என்றான் அய்யாதுரை.

“கஞ்சிலே. போட்டது நானா நீயா?”

“பசியோட பாத்துக்கிட்டு இருந்தவன் நானு. எனக்குத் தெரியாதா? துவரம்பருப்பு. டப்பாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.”

“அந்த உயரத்துலே துவரம்பருப்பு வேகுமாலே? கூறு கெட்டவனே!”

“வேகலேன்னுதானே நீங்க திட்டிக்கிட்டு இருந்தீக!”

பிள்ளைகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன. சண்டை முடிந்து கதை கேனுக்கு வந்து சேர இன்னும் வெகுநேரமாகும் என்று வேலுத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. அய்யாதுரையின் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வாழையிலை நறுக்கப் போனாள்.